ஜப்பானிய வாக்கியத்தை யார் திருத்துவது?

பெரம்பலூரிலிருந்து சென்னை நோக்கிப் போகும் நெடுஞ்சாலையில் வாலிகண்டபுரம் வருகிறது. வாலீசுவரர் கோயிலால் அறியப்பட்ட ஊர். இந்த வட்டாரத்து நிலத்தில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். இங்கிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் ஆள் போவது பழைய சங்கதி, ஜப்பான்தான் புதிது. வளைகுடாவுக்குப் போகிறவர் அரபியில் தேர்வு எழுதிவிட்டு விமானம் ஏறுவதில்லை. ஜப்பானுக்கு அப்படிப் போக முடியாது. 2019 ஏப்ரலில் ஜப்பான் தொடங்கிய ‘குறிப்பிட்ட திறன் பணியாளர்’ விசாவுக்குத் தொழில் தேர்வோடு மொழித் தேர்விலும் பொதுவாகத் தேற வேண்டும்: ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்4 படி, இல்லாவிட்டால் ஜே.எஃப்.டி. பேசிக் என்ற தேர்வு. முதியோர் பராமரிப்பு வேலை என்றால் அதற்கென்று தனியாக இன்னொரு மொழித் தேர்வும் உண்டு. இந்தத் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் இந்தியா 2021 ஜனவரியில் கையெழுத்திட்டது. 2025 ஆகஸ்டில் டோக்கியோவில் இரு நாடுகளும் சேர்ந்து அறிவித்த திட்டம், ஐந்தாண்டுகளில் இந்தியாவிலிருந்து 50,000 திறன் பணியாளர்கள் வருவார்கள் என்று கணக்குப் போடுகிறது.

அந்த ஐம்பதாயிரத்தில் ஒருவராகப் போக நினைத்து வாலிகண்டபுரத்தில் ஒரு நர்சிங் மாணவி ஜப்பானியம் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாடப்புத்தகத்துப் பயிற்சிக்குக் கடைசிப் பக்கத்தில் விடை இருக்கிறது. அவராக யோசித்து எழுதிய வாக்கியத்துக்கு விடை எந்தப் பக்கத்திலும் இல்லை. அது சரியா, சரி என்றாலும் ஒரு ஜப்பானியர் அப்படிச் சொல்வாரா என்பதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஜப்பானிய நிறுவனங்களும் துணைத் தூதரகமும் இருக்கும் சென்னையிலேயே அப்படி ஓர் ஆளைப் பிடிப்பது லேசான காரியமில்லை. பெரம்பலூர்ப் பக்கம் மிச்சமிருப்பது கைபேசிதான்.

தேர்வில் தேறினால் போதும், வாக்கியம் எழுதுவானேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1984இல் தொடங்கி, 2010இல் என்1 முதல் என்5 வரை ஐந்து படிகளாக மாற்றியமைக்கப்பட்ட ஜே.எல்.பி.டி.யில் எழுதச் சொல்லும் பகுதி கிடையாது, பேசச் சொல்லும் பகுதியும் கிடையாது. நான்கு விடையில் ஒன்றைக் கறுப்பாக்கினால் முடிந்தது. ஜே.எஃப்.டி. பேசிக்கும் கணினித் திரையில் விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். ஆக, சொந்தமாக ஒரு வாக்கியம்கூட எழுதாமல் ஒருவர் விசா வரை போய்விடலாம். சிக்கல் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு தொடங்குகிறது. ஜப்பானிய முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர் ஒவ்வொரு பணிமுறையிலும் பராமரிப்புக் குறிப்பு எழுத வேண்டும்: யார் எவ்வளவு சாப்பிட்டார், யாருக்குக் காய்ச்சல், இரவில் யார் எழுந்து நடந்தார். அடுத்த பணிமுறைக்கு வருகிறவர் அதைப் படித்துத்தான் வேலையைத் தொடங்குவார். தேர்வு கேட்காததை வேலை முதல் நாளே கேட்கிறது. தேர்வை மையமாகக் கொண்ட வகுப்புகள் வாக்கியம் எழுத வைப்பதில் நேரம் செலவிடாததற்கு அவற்றை நடத்துபவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை; மாணவர் கட்டணம் கட்டுவது தேறுவதற்கு.

அதனால்தான் இணையத்தில் ஜப்பானியரைத் தேடும் வழக்கம் வந்தது. இதில் முன்னோடி ‘லாங்-8’. கியோட்டோவில் மாணவராக இருந்த, சீனாவில் பிறந்த யாங்யாங் ஷி தொடங்கி வைத்த தளம் அது. ஏற்பாடு எளிது. நீங்கள் கற்கும் மொழியில் ஒரு நாட்குறிப்பு எழுதுகிறீர்கள். அது வாக்கியம் வாக்கியமாகப் பிரிந்து நிற்கும். அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர் ஒவ்வொன்றின் கீழும் அடித்துத் திருத்துவார். பதிலுக்கு நீங்கள் உங்கள் மொழியில் எழுதியவர்களைத் திருத்த வேண்டும். காசு கைமாறாது, உழைப்பு கைமாறும். 2017இல் அந்தத் தளம் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திக்கொண்டது. அதே நிறுவனம் 2014இல் தொடங்கிய ‘ஹைநேட்டிவ்’, 2012இல் வந்த ‘ஹலோடாக்’, பிறகு ‘டாண்டம்’, ‘லாங்கரெக்ட்’ என்று வாரிசுகள் பல. காசு கொடுத்து ஆசிரியரை அமர்த்திக்கொள்ள ‘ஐடாக்கி’ போன்றவை உண்டு. முகமும் ஊரும் தெரிகிற அரட்டைச் செயலிகளில் மொழி படிக்க வராத ஆண்களும் வருவார்கள் என்பதால், பெண்கள் எழுத்தை மட்டும் வாங்கித் திருத்துகிற தளங்களை நாடுவது நல்லது.

ஜப்பானியரிடையே இதற்கு ஆள் கிடைப்பதில் ஒரு பின்புலம் இருக்கிறது. எழுதியதை அனுப்பித் திருத்தி வாங்குவது அங்கே ஊறிய பழக்கம், ‘தென்சாக்கு’ என்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் விடைத்தாளை அஞ்சலில் அனுப்ப, பெனெஸ்ஸே நிறுவனத்தின் ‘அக்காபென் சென்செய்’, அதாவது சிவப்புப் பேனா ஆசிரியர், திருத்தி, நாலு நல்ல வார்த்தையும் எழுதித் திருப்பி அனுப்புவது ஒரு தலைமுறையின் பொது அனுபவம். முகம் தெரியாதவர் எழுத்தைப் பொறுமையாகத் திருத்தும் மனம் அங்கே ஏற்கெனவே தயாராக இருந்தது.

ஆனால் அந்த நாலு நல்ல வார்த்தையே தொல்லையாகவும் ஆகும். தொடக்கப் படியான என்5 அளவில் தட்டுத்தடுமாறி எழுதினாலும் “ஜோசு தெசு நே” (நன்றாக எழுதுகிறீர்களே) என்று பாராட்டிவிட்டு, பாதிப் பிழையை அப்படியே விட்டுவிடுபவர்கள் உண்டு. இதற்கு நேர் எதிரானவர்கள் மொத்த வாக்கியத்தையும் தம் பாணியில் மாற்றி எழுதித் தருபவர்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் எது பிழை, எது அவருடைய ரசனை என்று படிக்கிறவருக்குத் தெரியாது. ஒசாக்காக்காரர் ஒரு மாதிரியும் டோக்கியோக்காரர் வேறு மாதிரியும் திருத்துவதும் நடக்கும்.

இதைவிட ஆழமான குறை ஒன்று. தாய்மொழியாளருக்குப் பிழை கண்ணில் படும்; காரணம் தெரியாது. இதில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ‘எனக்குப் பசிக்கிறது’ என்கிறோம், ‘நான் பசிக்கிறேன்’ என்று ஏன் சொல்வதில்லை என்று நம்மிடம் ஒருவர் கேட்டால் எத்தனை பேர் பதில் சொல்வோம்? ‘வா’ என்ற இடைச்சொல் வரும் இடத்தில் ‘கா’ வந்தது ஏன் தவறு என்று ஒரு ஜப்பானியப் பொறியாளரையோ இல்லத்தரசியையோ கேட்டால் வரும் பதில் “நாந்தொநாக்கு” என்பதாகத்தான் இருக்கும். என்னவோ அப்படித் தோன்றுகிறது என்று பொருள். தோன்றுவது உண்மைதான். நமக்கு அது போதாது.

தமிழ் பேசுகிறவருக்கு இங்கே ஒரு தனி நிலைமை. ஜப்பானிய வாக்கியம் தமிழ் போலவே நடக்கும்: வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால், பெயரெச்சம் பெயருக்கு முன்னால். ‘நேற்று வாங்கிய புத்தகம்’ சொல்லுக்குச் சொல் ‘கினோ கத்தா ஹோன்’ ஆகிவிடும். ‘என்று சொன்னார்’ இருக்கும் இடத்தில் ‘தோ ஈமாஷிதா’. ‘செய்து பார்’, ‘செய்து வை’, ‘செய்துவிடு’ என்று வினையெச்சத்தோடு துணைவினை சேர்ப்பதும் அப்படியே உண்டு. சுசுமு ஓனோ 1980 வாக்கில் தமிழையும் ஜப்பானியத்தையும் உறவு மொழிகள் என்று வாதிட்டு, யாழ்ப்பாணத்து சண்முகதாஸ் தம்பதியர் போன்றவர்களோடு சேர்ந்து உழைத்தார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நம் மாணவிக்கு ஆதாயம் ஒன்றுதான்: ஆங்கிலேயர் மாதக்கணக்கில் தடுமாறும் சொல் வரிசை இவருக்கு முதல் வாரத்திலேயே கைவந்துவிடும். ‘ஒபசான்’ அத்தை, ‘ஒபாசான்’ பாட்டி என்கிற குறில் நெடில் வேறுபாடும் நம் காதுக்குப் புதிதல்ல.

பிழைகள் வேறு இடங்களில் வருகின்றன. அவற்றைப் பார்த்தால் ஜப்பானியர் மட்டும் போதாது என்பது விளங்கும்.

முதலில் எழுத்து. வகுப்பில் கேட்டதைத் தமிழில் குறித்துக்கொள்வது நம் பிள்ளைகளின் வழக்கம். ஜப்பானியத்தில் ‘வந்தான்’ என்பதற்கான சொல்லில் ‘கி’யும் வல்லோசை கொண்ட ஒற்றைத் ‘த’வும் வரும். தமிழில் ‘கிதா’ என்று எழுதினால் நம் வாய் அதை மெல்லோசையில் படிக்கும். வல்லோசை வேண்டுமென்றால் ‘கித்தா’ என்று இரட்டிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து அந்தக் குறிப்பைப் பார்த்து ஹிரகானா எழுத்தில் எழுதும்போது இரட்டிப்பும் கூடவே போய்விடும். அப்படி எழுதினால் அதற்குப் பொருள் ‘வெட்டினான்’. அண்ணன் வந்தான் என்று எழுதப்போய் அண்ணன் வெட்டினான் என்று முடிகிறது. திருத்துகிற ஜப்பானியர் ஒரு நொடி திகைத்து, தட்டச்சுப் பிழை என்று நினைத்துச் சரிசெய்துவிட்டுப் போவார். இந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று தமிழ் எழுதத் தெரிந்தவருக்கு மட்டுமே தெரியும். அவர் சொல்லும் மருந்தும் ஒன்றுதான்: தமிழில் குறிப்பெடுப்பதை முதல் மாதத்தோடு விட்டுவிடு.

அடுத்தது இடம் காட்டும் உருபு. ‘வாலிகண்டபுரத்தில் இருக்கிறேன்’, ‘வாலிகண்டபுரத்தில் வேலை செய்கிறேன்’ இரண்டுக்கும் நமக்கு ஒரே ‘இல்’. ஜப்பானியத்தில் இருப்பதற்கு ‘நி’, செயல் நடக்கும் இடத்துக்கு ‘தே’. ‘இல்’லைப் பார்த்ததும் ‘நி’ போடுவது நம் கை. இதை ஜப்பானியர் நூறு முறை திருத்துவார். தமிழ் தெரிந்த ஆசிரியர் ஒரு முறை விளக்கினால் நூறில் பெரும்பாலானவை எழுதப்படும் முன்பே நின்றுவிடும்.

மிகச் சுவையானது கொடுக்கல் வாங்கல் வினை. ஜப்பானியத்தில் நான் பிறருக்குக் கொடுத்தால் ‘அகெரு’, பிறர் எனக்குக் கொடுத்தால் ‘குரெரு’. ‘தோழி எனக்குப் புத்தகம் கொடுத்தாள்’ என்பதற்கு ‘அகெமாஷிதா’ என்று எழுதுவது உலகம் முழுக்க மாணவர் செய்யும் பிழை. இன்றைய தமிழில் எல்லாவற்றுக்கும் ‘கொடு’ போதும் என்பதால் நாமும் செய்கிறோம். ஆனால் தொல்காப்பியம் இந்த இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் தருதலும் வருதலும் தன்மை, முன்னிலை இடங்களுக்கு உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று வகுக்கிறது. ‘எனக்குத் தா’, ‘அவனுக்குக் கொடு’. மலையாளத்தில் இந்த வேறுபாடு இன்றும் புழங்குகிறது. தன்னை நோக்கி வருவது ‘தா’ என்றால் அது ‘குரெரு’. அந்தப் பக்கம் போவது ‘கொடு’ என்றால் அது ‘அகெரு’. இரண்டும் எல்லா இடத்திலும் ஒட்டிப் பொருந்திவிடாது. பிடித்து ஏற ஒரு படி கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். இந்தப் படியை எந்த ஜப்பானியரும் நமக்குக் காட்ட முடியாது. நம் பயிற்சி மையங்கள் ஆங்கிலம் வழியாகவே இலக்கணம் நடத்தி இதைத் தவறவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அப்படியானால் ஜப்பானியர் எதற்கு? ஓர் உதாரணத்தைப் பாருங்கள். நடுங்கும் கையோடு இருந்த பாட்டிக்கு ஊட்டிவிட்ட பிறகு, ‘சாப்பிட வைத்தேன்’ என்று குறிப்பில் எழுத வேண்டும். தமிழில் அது கனிவான சொல். குழந்தைக்கும் முதியவருக்கும் அப்படித்தான் சொல்வோம். ஜப்பானியத்தில் பிறவினையாக்கி ‘தாபெசாசெதா’ என்று எழுதினால் இலக்கணம் முழுக்கச் சரி. ஆனால் வற்புறுத்திச் சாப்பிட வைத்தது போன்ற தொனி வந்துவிடும். பராமரிப்புக் குறிப்புகளில் இந்த வடிவத்தைத் தவிர்க்கச் சொல்லியே பழக்குகிறார்கள். ‘ஷொக்குஜி கைஜோ’, உணவு உண்ண உதவினேன் என்பதே வழக்கு. இதே போல, ‘அவருக்கு வீட்டுக்குப் போக ஆசை’ என்று பிறர் மனத்தில் உள்ளதை நேராக எழுதினாலும் ஜப்பானியருக்கு நெருடும்; போக வேண்டும் என்று சொல்கிறார், போக விரும்புவது போல் தெரிகிறது என்று விலகி நின்று எழுத வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘வதாஷி வா’ என்று ‘நான்’ போடுவதும் அப்படி ஒரு நெருடல். தமிழில் ‘வந்தேன்’ என்றாலே ஆள் தெரிந்துவிடும். ஜப்பானிய வினையில் ஆள் இல்லாததால் நமக்குக் குறையாகத் தோன்றி ‘நான்’ சேர்த்துவிடுகிறோம். இந்த வகைப் பிழைகளை விதியால் பிடிப்பது கடினம். அந்த மொழியில் வளர்ந்த காதுதான் பிடிக்கும்.

1751இல் வாலிகண்டபுரம் பக்கம், ஆற்காட்டு நவாப் பதவிக்கான போட்டியில் முகமது அலிக்குத் துணையாக ஆங்கிலேயரும் சந்தா சாகிபுக்குத் துணையாகப் பிரெஞ்சுக்காரரும் நின்று மோதினார்கள். அந்தக் காலத்து வணிகமும் சண்டையும் சமரசமும் நடந்தது துபாஷிகள் என்ற மொழிபெயர்ப்பாளர்கள் வாயால். இரண்டு மொழி தெரிந்தவருக்கு அன்று இருந்த மதிப்பை இன்றைய மொழிக் கல்வி அவருக்குத் தருவதில்லை. ‘நேட்டிவ் ஸ்பீக்கர்’ பார்த்தார் என்றால் போதும், பேச்சு முடிந்தது. என்2 தேறிய, ஜப்பானில் சில வருடம் வேலை பார்த்த ஒரு தமிழர் திருத்தினார் என்றால் இரண்டாம் தரம் என்று நினைக்கிறோம். தொடக்க நிலையில் இந்த வரிசை தலைகீழ் என்பது என் கருத்து. பிழையில் பெரும்பகுதியை அவர் தீர்த்துவிடுவார். மிச்சமுள்ள நெருடல்களுக்கு மட்டும் ஜப்பானியரின் நேரத்தைக் கேட்பதே மரியாதையும் லாபமும்.

தாய்மொழியாளர் எழுதினாலே வாக்கியம் இயல்பாக இருக்கும் என்பதும் முழு உண்மையில்லை. ஹியோகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் யாசுஹிதோ தனாகா தம் மாணவர்களிடம் ஆளுக்கு 300 ஆங்கில–ஜப்பானிய வாக்கிய இணைகளைத் திரட்டி வரச் சொன்னார். சில ஆண்டுகளில் 2,12,000 இணைகள் சேர்ந்தன. 2001இல் பொதுவில் வைத்தார். ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்து ஜிம் பிரீன் அதைத் தம் இணைய அகராதியில் உதாரண வாக்கியங்களாக இணைத்தார். திரட்டியவர்கள் ஜப்பானிய மாணவர்கள்தான். ஆனாலும் எழுத்துப் பிழைகள், திரும்பத் திரும்ப வந்தவை, மொழிபெயர்ப்பு வாடை அடிக்கும் ஜப்பானியம் என்று குறைகள் ஏராளம். தன்னார்வலர்கள் வருடக்கணக்கில் களையெடுத்தார்கள். பிறகு அந்தத் தொகுப்பு, 2006இல் டிராங் ஹோ தொடங்கிய ‘ததோஎபா’ வாக்கியக் களஞ்சியத்துக்குப் போனது. அங்கே பங்களிப்பவர்களுக்குச் சொல்லப்படும் ஓர் அறிவுரை, உன் தாய்மொழியில் எழுது என்பது. அகராதிச் செயலியில் வரும் உதாரண வாக்கியத்தை வேதவாக்காக மனப்பாடம் செய்யும் முன் இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

திருத்துவதால் உண்மையிலேயே பயன் உண்டா என்று ஆய்வாளர்கள் சண்டையே போட்டிருக்கிறார்கள். இலக்கணத் திருத்தம் வீண், சில சமயம் கேடு என்று 1996இல் ஜான் டிரஸ்காட் எழுதினார். டானா ஃபெரிஸ் 1999இல் மறுத்தார். பிறகு நியூசிலாந்தில் ஜான் பிட்சனர் போன்றோர் செய்த சோதனைகளில், ஒரு நேரத்தில் ஓரிரு இலக்கணக் கூறுகளை மட்டும் குறிவைத்துத் திருத்தினால் பலன் நிலைக்கிறது என்று தெரிந்தது. அந்தச் சோதனைகள் ஆங்கிலத்தில் நடந்தவை. ஜப்பானியத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. என்றாலும் பக்கம் முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வரும் தாளை யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

இப்போது இயந்திரம் வந்துவிட்டது. இதிலும் பழைய உழைப்பு புதைந்திருக்கிறது: நாரா மாகாணத்து ஆய்வாளர்கள் லாங்-8இல் ஜப்பானியர் செய்த திருத்தங்களைத் திரட்டி, பிழைதிருத்தும் கருவியைப் பழக்கலாம் என்று 2011இலேயே காட்டினார்கள். இன்றைய செயற்கை நுண்ணறிவு ‘நி’யையும் ‘தே’யையும் ஒரு நொடியில் சரிசெய்கிறது, நள்ளிரவிலும் அலுக்காது. என்4 வரைக்குமான வழக்கமான பிழைகளுக்கு அது போதும் என்றே சொல்வேன். ஆனால் மொத்தத்தையும் மெருகேற்றித் தரும் ஆசை அதற்கும் உண்டு. பாட்டிக்கு ஊட்டிய சூழலைச் சொல்லாவிட்டால் ‘தாபெசாசெதா’வைச் சரி என்று விட்டுவிடவும் கூடும்.

இன்னொரு வெற்றிடம் இருக்கிறது. ஜப்பானியம் கற்போரின் பேச்சையும் எழுத்தையும் திரட்டிய பெரிய தொகுப்பு ‘ஐ-ஜாஸ்’. ஜப்பானின் தேசிய மொழி ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. அதில் 1,000 கற்போர், 12 தாய்மொழிகள். சீனம், கொரியம், வியட்நாமியம், தாய், துருக்கி, ஹங்கேரியம்கூட இருக்கின்றன. இந்திய மொழி ஒன்றும் இல்லை. தமிழர் எங்கே தவறுகிறார் என்பது அந்தத் தொகுப்பிலிருந்து யாருக்கும் தெரியவராது. பெரம்பலூரில் பொறியியல், செவிலியர் கல்லூரிகள் இருக்கின்றன. ஜப்பானியம் படிக்கும் மாணவர்கள் எழுதிய வாக்கியத்தையும், திருத்தத்தையும், தமிழில் என்ன நினைத்து எழுதினார் என்பதையும் மூன்று பத்தியில் போட்டு ஒரு நோட்டில் சேர்த்தாலே இரண்டு மூன்று வருடத்தில் உருப்படியான ஒன்று கையில் இருக்கும்.

அதுவரை தனியாள் செய்யக்கூடியவை சில்லறை விஷயங்கள். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். இரவு ஒன்பதுக்கு இங்கே பதிவிட்டால் அங்கே நள்ளிரவு தாண்டிவிடும். மாலை நான்கு, நாலரைக்கு அனுப்பினால் அவர்கள் சாப்பிட்டு ஓய்ந்த நேரம். நாலைந்து வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். யார் யாரிடம் எந்த இடத்தில் சொல்வது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அழகுபடுத்த வேண்டாம், தவறை மட்டும் காட்டுங்கள் என்று கேட்க வேண்டும்.

பதிலுக்கு நாம் என்ன தருவது என்பதும் இருக்கிறது. ஜப்பானியர் பெரும்பாலும் தேடுவது ஆங்கிலம். வாலிகண்டபுரத்துப் பெண்ணை விட்டுவிட்டு நியூயார்க்காரரிடம்தான் போவார்கள். ஆனால் 1998இல் ‘முத்து’ ஜப்பானில் ‘நடனமாடும் மகாராஜா’வாக ஓடியதிலிருந்து, ரஜினி படத்துக்காகவே தமிழ் படிக்கும் ஒரு சின்னக் கூட்டம் அங்கே இருக்கிறது. அவர்களுக்குத் தமிழ் திருத்தித் தர ஆள் கிடைப்பது, நமக்கு ஜப்பானியர் கிடைப்பதைவிடக் கடினம். அப்படி ஒருவர் ‘நான் நேற்று திரைப்படம் பார்த்தேன்’ என்று எழுதி அனுப்பினால் நம் மாணவி அதைச் சரி என்று விடுவாரா, ‘நேத்து படம் பாத்தேன்’ என்று மாற்றுவாரா? மாற்றினால் எது பிழை என்று அவர் கேட்பார்.